முப்பத்தொன்பது விடைத்தாள்கள்

இந்த விசாரணை அறையின் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாக நொடி முள்ளைப் பார்த்துச் சொட்டு எண்ணக் கற்றுக்கொடுத்தவள் நான். எந்த அறைக்குள் போனாலும் முதலில் சுவரில் கடிகாரத்தைத் தேடுவேன், என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டும் பார்த்துவிடுவேன். இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் என் கண்ணுக்குத் தப்புவதில்லை.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொல்லிக் கோடு போட்ட தாள்களும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு இது பழக்கமான வேலைதான். போன வருடம் முழுக்க என்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

செவிலியர் கல்லூரியில் மருந்து அளவுக் கணக்கு என்னுடைய பாடம். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'சொட்டு மேடம்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கம்பியில் தொங்கும் பாட்டிலில் இருந்து நோயாளியின் உடம்புக்குள் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் அல்லவா, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழவேண்டும் என்று கணக்குப் போட்டுத் திருகியைத் திருப்பி வைக்க வேண்டும். இதில் குழாய் இரண்டு வகை. பெரிய சொட்டுக் குழாயில் இருபது சொட்டு விழுந்தால் ஒரு மில்லி. சின்னச் சொட்டுக் குழாயில் ஒரு மில்லிக்கு அறுபது சொட்டு வேண்டும். எந்தக் குழாய் என்பது உறையின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல் கணக்குப் போட்டால் மருந்து மூன்று மடங்கு வேகத்தில் இறங்கிவிடும். இவ்வளவுதான் பாடம். ஒரு மணி நேரத்தில் யாருக்கும் புரியவைத்துவிடலாம். நான் பத்தொன்பது வருடம் அப்படித்தான் புரியவைத்தேன். என் பாடத்தில் யாரும் தோற்றதில்லை, அதுவே பிறகு எனக்கு வினையாயிற்று.

என் வேலை நிரந்தரம் கிடையாது. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். போன வருடத் தொடக்கத்தில் முதல்வர் எங்களைக் கூப்பிட்டு, இனிமேல் 'ஆசிரியர் தகுதி அங்கீகாரம்' பெற்றவர்களுக்கு மட்டும்தான் ஒப்பந்தம் என்று சொன்னார். கற்பித்த அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி விண்ணப்பிக்க வேண்டும். உயர்கல்விக்கான அங்கீகாரக் குழு அதைப் படித்து, ஒருநாள் வகுப்பையும் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லும்.

மற்றவர்களுக்கு அது ஒரு தலைவலி. எனக்கு அது தலைக்கு மேல் தொங்கிய கத்தி. என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கல்லூரி ஊழியர் குடும்பத்துக்குக் கொடுக்கும் மருத்துவ அட்டையில்தான் அது நடக்கிறது. வேலை போனால் அட்டை போகும், அட்டை போனால் அவர் போய்விடுவார். இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அவர் மட்டும் ஒரே ஒரு தடவை, ஷூ போட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்த ஃபாரம் என்னம்மா ஆச்சு?"

"எழுதிட்டிருக்கேங்க."

"நிதானமா எழுது. அவசரமில்ல," என்றார். அவர் கைவிரல் ஷூ நாடாவைப் பிடிக்க முடியாமல் தடுமாறியது. நான் குனிந்து கட்டிவிட்டேன்.

முதல் விண்ணப்பத்தை உண்மையாகத்தான் எழுதினேன். பத்தொன்பது வருடத்துக் கால அட்டவணைகள், தேர்ச்சிப் பட்டியல்கள், வெளிநாட்டு மருத்துவமனைகளில் இருந்துகூடப் பழைய மாணவர்கள் அனுப்பிய கடிதங்கள், எல்லாவற்றையும் இரண்டு பைகளில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு வாரம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. அனுபவம் நீண்டது. மாணவர் தேர்ச்சி நன்று. ஆயினும் விண்ணப்பதாரரின் கற்பித்தலால் மாணவரிடம் ஏற்பட்ட மாற்றத்துக்கு அளவிடத்தக்க சான்று இல்லை. கல்வியாண்டு முடிவதற்குள் மீண்டும் ஒருமுறை விண்ணப்பிக்கலாம்.

அந்தத் தாளை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். உடலியல் எடுப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். முதல் தடவையிலேயே அங்கீகாரம் வாங்கிவிட்டவர்.

"மேடம், உங்க கேஸ் ரொம்ப சிம்பிள். அவங்களுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு ரெண்டு நம்பர் வேணும். உங்ககிட்ட பின்னாடி மட்டும்தான் இருக்கு."

"முன்னாடின்னா?"

"நீங்க நடத்துறதுக்கு முன்னாடி பசங்க எவ்வளவு மோசம்னு காட்டணும். உங்க பிள்ளைங்கதான் எடுத்த எடுப்புலயே பாஸ் ஆயிடுறாங்களே. கொஞ்சம் ஃபெயிலாகச் சொல்லுங்க மேடம்," என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் வினையாக எடுத்துக்கொண்டேன்.

பாடமே நடத்தாமல் முதல் தேர்வு வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்துப் பார்த்தேன். தெரியாத பிள்ளைகள் தாளை வெறுமையாகக் கொடுத்துவிடுவார்கள். நடத்தாததற்கு மதிப்பெண் இல்லை என்பது சான்றாகாது, முதல் கேள்வியிலேயே குழு அதைப் பிடித்துவிடும். வழக்கமான முறையில் நடத்தி அது சரிப்படவில்லை, புதிய முறையில் நடத்தியதும் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று காட்ட வேண்டும். அதற்கு முதலில் சரிப்படாத ஒரு முறை வேண்டும். என்னிடம் அப்படி ஒன்று இல்லாததால் நானே ஒன்றை உண்டாக்கினேன்.

நாற்பது பேர் கொண்ட இரண்டாம் ஆண்டு வகுப்பு. முதல் வாரத்தில் கரும்பலகையில் எழுதினேன்: குழாய் எதுவானாலும் அறுபதால் பெருக்குக. ஐந்து வாரம் அதையே வைத்துக் கணக்குகள் போடவைத்தேன். வார்டுக்கு அனுப்ப இன்னும் நாளிருந்தது. அதற்குள் திருத்திவிடப்போகிறேன், யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன். குழந்தைக்கு நடை பழக்க வைத்திருக்கும் வண்டியைப் போல, பிறகு எடுத்துவிடலாம் என்று.

இரண்டாம் வாரம் ஒரு பெண் கை தூக்கினாள். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். நான் மனசுக்குள் அவளைக் கேள்விக்காரி என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பிடித்த மாணவி. செய்முறை அறையில் இருந்து ஒரு குழாயை உறையோடு எடுத்துவந்திருந்தாள்.

"மேடம், இந்தக் கவர்ல இருபதுன்னு போட்டிருக்கே? அப்ப இதுக்கு இருபதாலதானே பெருக்கணும்?"

வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. பத்தொன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான பதில் அது, அதுவும் நான் நடத்தாமலே. வேறொரு வருடமாக இருந்தால் அவளை முன்னால் கூப்பிட்டுக் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

"கவர்ல ஆயிரம் போடுவாங்க. பரீட்சைக்கு நான் சொல்றதைப் போடு. உக்காரு," என்றேன்.

அவள் உட்கார்ந்து ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நேற்று நீங்கள் அவளுடைய நோட்டைத் திறந்து காட்டியபோதுதான் பார்த்தேன். குழாய் எதுவானாலும் 60. அதன் கீழே, கவரைப் பார்க்க வேண்டாம் என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள். அந்த அளவுக்கு நான் சொல்லவில்லை. ஆனால் அவள் புரிந்துகொண்டது சரிதான்.

ஆறாம் வாரம் முதல் தேர்வு. இரண்டு குழாய்களையும் கலந்து கேள்விகள் கொடுத்தேன். சராசரி முப்பத்தொன்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த கண்ணீர், அதை மறைத்து எழுத விரும்பவில்லை. அன்று கணவரை டயாலிசிஸ் முடிந்து கூட்டிவரும்போது பேருந்தில் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். "என்ன, ஏதோ நல்லது நடந்திருக்கு போல," என்றார். "இன்னும் பாதிதான்," என்றேன்.

ஏழாம் வாரம், செவ்வாய்க்கிழமை, குழுவில் இருந்து ஒரு பார்வையாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சிறந்த வகுப்பு அது என்று தயங்காமல் சொல்வேன். நோட்டும் பேனாவும் பைக்குள் போகட்டும் என்றேன். ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், இரண்டு வகைக் குழாய், ஒரு அளவுக் குப்பி. எண்ணுங்கள் என்றேன். அறை முழுக்கத் தண்ணீர் சொட்டும் சத்தம். பெரிய குழாயில் இருபதாவது சொட்டிலேயே குப்பியில் ஒரு மில்லி கோட்டைத் தொட்டதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அறுபதுன்னு போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"மூணு மடங்கு போயிடும் மேடம்!"

"இத்தனை நாள் நாம போட்டது எளிய பயிற்சிக் கணக்கு. இன்னிக்குக் கண்ணால பார்த்ததுதான் நிஜம். அந்தப் பழைய பக்கத்தைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு வாங்க."

ஒவ்வொருவராக வந்து கிழித்துப் போட்டார்கள். பார்வையாளர் எழுந்து நின்றே பார்த்தார். 'நோட்டு இல்லாத வகுப்பு' என்று அவர் தன் அறிக்கையில் தனித் தலைப்பே போட்டிருந்தார். கடைசி அரைமணி நேரத்தில் இரண்டாம் தேர்வு. சராசரி தொண்ணூற்றுநான்கு.

அங்கீகாரம் இரண்டு மாதத்தில் வந்தது. ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அட்டையும் அதோடு நீண்டது. கணவர் சான்றிதழைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்கிறேன் என்று அடம்பிடித்தார். அவரால் சுத்தியலைத் தூக்க முடியாது. நான் அடித்தேன், அவர் கோணல் நேர் பார்த்துச் சொன்னார். ஆனால் அதற்கு முன்னாலேயே வார்டில் அது நடந்துவிட்டிருந்தது.

பிள்ளைகள் வார்டுக்குப் போன மூன்றாவது வாரம். நாற்பத்தாறு வயது பேருந்து ஓட்டுநர் ஒருவர், வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்ததால் பொட்டாசியம் கலந்த அரை லிட்டர் பாட்டிலை எட்டு மணி நேரத்தில் மெல்ல ஏற்றச் சொல்லி மருத்துவர் எழுதியிருந்தார். பெரிய சொட்டுக் குழாய். நிமிடத்துக்கு இருபத்தொரு சொட்டு விழவேண்டும். பகல் இரண்டு மணிக்குக் கேள்விக்காரி அதை அறுபத்துமூன்றில் வைத்தாள். அறுபத்துமூன்று பார்ப்பதற்கு விபரீதமாகத் தெரியாது, நொடிக்கு ஒன்று, அவ்வளவுதான். வார்டில் ஒரே செவிலியர் இருபத்தெட்டுப் படுக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரை மணிக்கு அந்த மனிதரின் இதயம் நின்றுவிட்டது.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வீட்டில் கணவருக்காகக் காய்கறியைக்கூடத் தண்ணீரில் ஊறவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன். செய்தி வந்தபோது முதலில் நினைத்தது அந்த ஓட்டுநரைப் பற்றி அல்ல, அவர் மனைவியைப் பற்றியும் அல்ல. விண்ணப்பம் குழுவின் மேஜைமேல் இருந்தது, முடிவு இன்னும் வரவில்லை. அதைத்தான் நினைத்தேன்.

கல்லூரி ஒரு விசாரணை வைத்தது. முதல்வர் என்னிடமே வந்தார். "சொட்டுக் கணக்குல உங்களைவிட யாருக்கு மேடம் தெரியும்? கேள்வியை நீங்களே தயார் பண்ணிக் கொடுங்க," என்றார். ஒரே கேள்வி தயார் செய்தேன். சொட்டுக் கணக்கு உங்களுக்குச் சரியாகக் கற்பிக்கப்பட்டதா? ஆம், இல்லை. மற்ற முப்பத்தொன்பது பேரும் ஆம் என்று குறித்தார்கள். அது பொய்யில்லை. முப்பத்தொன்பது இரண்டாம் தேர்வு விடைத்தாள்களையும் எடுத்து மேஜைமேல் அடுக்கினேன். கேள்விக்காரி அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைக் காட்டினேன். அவள், மேடம் அப்படித்தான் சொன்னாங்க, கவர்ல இருபது இருந்ததைப் பார்த்தேன், ஆனா மேடம் சொன்னது ஞாபகம் வந்துச்சு என்று அழுதுகொண்டே சொன்னாள். அவள் முதலில் இருந்தே என் முறையை எதிர்த்துப் பேசுகிறவள் என்று நான் சொன்னேன். அதுவும் ஒருவகையில் உண்மைதான். அவளைக் கல்லூரியில் இருந்து நீக்கினார்கள். பிறகு வழக்கு அவள் பெயரில் பதிவானது.

சான்றிதழ் மாட்டிய இரண்டாவது வாரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"மேடம், எல்லாரும் நீங்க சரியாத்தான் நடத்துனீங்கன்னு சொல்றாங்க. அப்ப நான்தான் தப்பா எழுதிட்டேன், இல்ல? நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. எனக்கு எது நிஜம்னே தெரியல மேடம். நீங்க சொன்னா நம்புவேன்."

உள்ளே இருந்து என் கணவர், "யாரும்மா அது?" என்றார்.

"ஸ்டூடண்ட்டுங்க," என்றேன். பிறகு அவளிடம், "அவசரத்துல எழுதும்போது தப்பு வர்றது சகஜம்தாம்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே," என்றேன்.

அவள் தலையாட்டினாள். நன்றி மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் தன் பக்கத்தைப் பேசவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்டதற்கெல்லாம் என் தப்புதான் என்கிறாளாம். தூக்கமே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு விரலால் ஏதோ எண்ணிக்கொண்டே இருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னதாகவும் சொன்னீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

நேற்று அவள் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டை வைத்தீர்கள். முதல் வரிசைப் பையனுடையது. நான் கிழிக்கச் சொன்ன பக்கத்தின் பின்புறம் வேறு பாடத்தின் குறிப்பு இருந்ததாம், அதனால் கிழிக்காமல் மடித்து வைத்துக்கொண்டு வேறொரு வெற்றுத்தாளைக் கசக்கிப் போட்டிருக்கிறான். அதிலும் அதே வாக்கியம். குட்டு உடைந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. அதனால் ஒத்துக்கொள்கிறேன். தவறாகச் சொல்லிக்கொடுத்தேன், தெரிந்தே சொல்லிக்கொடுத்தேன்.

ஆனால் இன்னும் ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. அவள் வராததை நான் கவனிக்கவில்லை, கூட்டத்தில் ஒருத்தி விட்டுப்போய்விட்டாள் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டீர்கள். நேற்று அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் சொட்டு எண்ணுகிறவள், ஒருத்தியை எண்ணாமல் விட்டேன் என்றால் எனக்கு அது அவமானம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பல் பிடுங்கியிருந்தார்கள். புதன்கிழமை காலையில் வீங்கிய கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். நான் கணினியில் இரண்டு தேர்வு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் பெயருக்கு நேராக இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது.

"மேடம், நேத்து என்ன நடத்துனீங்க?"

அவளை உட்காரவைத்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நீ அன்னிக்குச் சொன்னதுதான் சரி, கவரைப் பாரு. ஐந்து நொடி ஆகியிருக்கும். ஆனால் பக்கத்து மேஜைக்காரர் இருந்தார், எதிரே இன்னும் இருவர் இருந்தார்கள். அவள் விடமாட்டாள். அப்ப ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க என்று கேட்பாள். அவள் ஏன் என்று கேட்டால் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

"யார்கிட்டயாவது நோட்டு வாங்கிப் பாத்துக்கோ," என்றேன்.

அந்த வகுப்பில் யாரும் நோட்டு எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அவள் வார்டுக்குப் போகிறாள் என்பதும் தெரியும். அவள் சரிங்க மேடம் என்று போன பிறகு, அவளுடைய வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். அட்டவணையின் அடியில், இரண்டு தேர்வுகளையும் எழுதியவர்கள் மட்டும் கணக்கில் கொள்ளப்பட்டனர் என்று நேர்மையாகக் குறிப்பும் போட்டேன். சராசரி சரியாக வந்தது.

என் கணவருக்கு நாளை டயாலிசிஸ். அட்டையை ரத்து செய்வதற்கு முன்னால் ஒரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள், அவர் எதுவும் செய்யவில்லை. மற்றபடி எனக்காக நான் எதையும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் நான் எழுதியதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை என்பதை மட்டும் நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். முப்பத்தொன்பது பேருக்கு நான் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.